கேவிஎம் சர்வரில் எஸ்இலினக்ஸ்: ஒரு விஎம் இன்னொன்றின் டிஸ்க்கைத் தொடாமல் இருக்க

கெஸ்ட்டுக்குள் (விஎம்மில் ஓடும் இயங்குதளத்துக்குள்) இருந்து பார்த்தால் ஒரு விஎம், அதாவது மெய்நிகர் கணினி, ஒரு முழுக் கணினி. விஎம்களைத் தாங்கும் சர்வரான ஹோஸ்ட்டின் பார்வையில் அது ஒரே ஒரு ப்ராசஸ், பெயர் கியூஎமு-கேவிஎம். கேவிஎம் என்பது லினக்ஸ் கெர்னலின் விஎம் வசதி, கியூஎமு அதைப் பயன்படுத்தி விஎம்மை ஓட்டும் நிரல். ஒரு சர்வரில் இருபது விஎம் ஓடினால் அந்த இருபது ப்ராசஸும் வழக்கமாக கியூஎமு என்ற ஒரே யூசரின் பெயரில்தான் ஓடுகின்றன. சாதாரண கோப்பு அனுமதி யூசரைத்தான் பார்க்கிறது. ஆகவே ஒரு கெஸ்ட்டிலிருந்து யாராவது ஹோஸ்ட்டுக்குள் தப்பி வந்துவிட்டால், மற்றப் பத்தொன்பது டிஸ்க்குகளையும் அந்த அனுமதி காப்பாற்றாது. இது கற்பனை ஆபத்தில்லை. 2015இல் வெளியான வெனம் ஓட்டை, கியூஎமுவின் ஃப்ளாப்பி டிஸ்க் கன்ட்ரோலர் நிரல் வழியாகவே கெஸ்ட்டை விட்டு வெளியேற வழி கொடுத்தது.

இந்த இடத்தில்தான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு வேண்டும். அதாவது யூசர் யாராக இருந்தாலும், அமைப்பு முழுவதற்குமான விதிகள் அனுமதித்தால்தான் எதையும் தொட முடியும். ஃபெடோரா, ரெட் ஹேட், ராக்கி, அல்மா, சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் ஆகியவற்றில் இந்த வேலையைச் செய்வது எஸ்இலினக்ஸ். அதை லிப்விர்ட்டுடன் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருளுடன்) இணைக்கும் பகுதிக்குப் பெயர் எஸ்விர்ட். 2009 முதல் லிப்விர்ட்டிலேயே இருக்கிறது. பெரும்பாலும் எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. நாம் செய்ய வேண்டியது, அது செய்யும் வேலையைக் கெடுக்காமல் நம் ஸ்டோரேஜை அதற்கு அறிமுகப்படுத்துவது. விஎம் சர்வரில் வரும் மறுப்புகளில் மிகப் பெரும்பகுதி லேபிள் பிரச்சினை. லேபிள் என்பது ஒவ்வொரு ப்ராசஸிலும் கோப்பிலும் ஒட்டப்படும் அடையாளம், பாலிசி என்பது எந்த லேபிள் எதைத் தொடலாம் என்ற விதித் தொகுப்பு. பாலிசியை மாற்ற வேண்டிய தேவை அரிது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளது எல்லாம் எளிது.

கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியமான இடத்தில் அதைத் தனியே குறித்திருக்கிறோம்.

லேபிள் எப்படிப் பிரிக்கிறது

விஎம் தொடங்கும்போது லிப்விர்ட் அதற்கு ஒரு லேபிள் உருவாக்குகிறது. அது இப்படி இருக்கும்:

சிஸ்டம்_யூ:சிஸ்டம்_ஆர்:எஸ்விர்ட்_டி:எஸ்0:சி87,சி520

மூன்றாவது பகுதியான எஸ்விர்ட்_டி, ப்ராசஸின் டொமைன். இந்த டொமைன் எந்த வகைக் கோப்பைத் தொடலாம் என்பது பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறது. கடைசியில் உள்ள இரண்டு எண்களுக்குக் கேட்டகரி என்று பெயர். சி0 முதல் சி1023 வரை மொத்தம் 1024 உண்டு. அதில் இரண்டை லிப்விர்ட் தற்செயலாக எடுத்து, அந்த ஹோஸ்ட்டில் வேறு விஎம்முக்கு அந்த இணை ஏற்கெனவே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கிறது. 5,23,776 இணைகள் இருப்பதால் தீர்ந்துபோகும் கவலை இல்லை.

பிறகு அந்த விஎம்மின் டிஸ்க் இமேஜுக்கு எஸ்விர்ட்_இமேஜ்_டி வகையும் அதே சி87,சி520 இணையும் ஒட்டப்படுகின்றன. ப்ராசஸிடம் இருக்கும் கேட்டகரிகளுக்குள் கோப்பின் கேட்டகரிகள் அடங்கினால்தான் திறக்க முடியும். பக்கத்து விஎம் சி12,சி301 வைத்திருக்கும். அதுவும் எஸ்விர்ட்_டிதான், கோப்பும் அதே வகைதான், ஆனாலும் திறக்காது. விஎம்களுக்கு இடையிலான சுவர் முழுவதும் இந்த இரண்டு எண்களில்தான் நிற்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. கேட்டகரியே இல்லாமல் வெறும் எஸ்0 என்று இருக்கும் எஸ்விர்ட்_இமேஜ்_டி கோப்பை எல்லா விஎம்மும் படிக்கலாம், எழுதலாம். 'பெர்மிஷன் டினைட்' வந்தால் சீகான் (லேபிளை நேரடியாக மாற்றும் கட்டளை) கொடுத்து அந்த வகையை நீங்களே ஒட்டிவிடுங்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பிழை போய்விடும், கூடவே அந்த டிஸ்க் ஹோஸ்ட்டில் உள்ள எல்லா கெஸ்ட்டுக்கும் திறந்துவிடும். எஸ்விர்ட்_இமேஜ்_டி லிப்விர்ட் ஒட்ட வேண்டிய வகை. கையால் ஒட்டாதீர்கள்.

மற்ற வகைகளில் இரண்டு தெரிந்தால் போதும். விர்ட்_இமேஜ்_டி, நிறுத்தி வைத்திருக்கும் விஎம்களின் இமேஜுக்கும் அவை இருக்கும் அடைவுக்கும் உரியது. ஓடும் கெஸ்ட்டுகள் எழுதும் வகை அல்ல. விர்ட்_கன்டென்ட்_டி, ஐஎஸ்ஓ, பேஸ் இமேஜ் (பல விஎம்களுக்கு அடித்தளமான டிஸ்க் கோப்பு) போலப் பலர் படிக்க மட்டும் செய்யும் கோப்புக்கு. விஎம் அணைந்ததும் டிஸ்க்கின் லேபிளைப் பழையபடி மாற்றிவைப்பதும் லிப்விர்ட்டின் வேலை.

முதலில் நிலைமையைப் பாருங்கள்

கெட்என்ஃபோர்ஸ்

'என்ஃபோர்சிங்' என்று வர வேண்டும். 'பெர்மிசிவ்' என்றால் மீறல்கள் லாகில் பதிவாகும், ஆனால் எதுவும் தடுக்கப்படாது. 'டிசேபிள்டு' என்றால் அவசரப்பட்டு என்ஃபோர்சிங்குக்குத் தாவாதீர்கள். எஸ்இலினக்ஸ் அணைந்திருந்த காலத்தில் உருவான கோப்புகளுக்கு லேபிளே இருக்காது. சர்வர் சரியாக பூட் ஆகாமலே போகலாம். /எட்சி/எஸ்இலினக்ஸ்/கான்ஃபிக் கோப்பில் பெர்மிசிவ் என்று வைத்து, கெர்னல் வரியில் எஸ்இலினக்ஸ்=0 இருந்தால் நீக்கி,

ஃபிக்ஸ்ஃபைல்ஸ் -எஃப் ஆன்பூட்

என்று கொடுத்து (இங்கே பெரிய எஃப்) ரீபூட் செய்யுங்கள். பூட் ஆகும்போது முழு கோப்பு முறைமையும் லேபிள் பெறும். பெரிய டிஸ்க் என்றால் நேரமெடுக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது. பெர்மிசிவ்விலேயே விஎம்களை ஓடவிட்டு, லாகில் மறுப்பு வருவது நின்ற பிறகு என்ஃபோர்சிங்குக்கு மாற்றுங்கள்.

அடுத்து லிப்விர்ட் இதை உணர்ந்திருக்கிறதா என்று அதன் கட்டளைக் கருவியான விர்ஷ் மூலம் பார்க்க:

விர்ஷ் கேபபிலிட்டிஸ்

வெளியீட்டின் ஹோஸ்ட் பகுதியில் செக்மாடல் என்ற தலைப்பின் கீழ் எஸ்இலினக்ஸ், டிஏசி (யூசரைப் பார்க்கும் சாதாரண அனுமதி) இரண்டும் இருக்க வேண்டும். எஸ்இலினக்ஸ் இல்லையென்றால் பெரும்பாலும் காரணம், லிப்விர்ட் தொடங்கியபோது எஸ்இலினக்ஸ் அணைந்திருந்தது, அல்லது /எட்சி/லிப்விர்ட்/கியூஎமு.கான்ஃப் கோப்பில் செக்யூரிட்டி_டிரைவர் மதிப்பை யாரோ 'நன்' என்று மாற்றியிருக்கிறார்கள். இந்தக் கடைசிக் காரணத்தை எப்போதும் சந்தேகியுங்கள். அவசரத்தில் செய்து மறந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஓடும் விஎம்மின் லேபிளைப் பார்க்க 'விர்ஷ் டொம்இன்ஃபோ' கொடுத்து விஎம் பெயரைச் சேருங்கள். எல்லா விஎம்களையும் சேர்த்துப் பார்க்க 'பிஎஸ் -இஇசட்' (சிறிய இ, பெரிய இசட்) கொடுத்து கியூஎமு வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் கேட்டகரி இணை வேறுபட வேண்டும். ஒரு வரியில் எஸ்விர்ட்_டி இருக்க வேண்டிய இடத்தில் எஸ்விர்ட்_டிசிஜி_டி இருந்தால், அந்த விஎம் கேவிஎம் வேகமூட்டல் இல்லாமல் முழு எமுலேஷனில் ஓடுகிறது. பாதுகாப்பைப் பார்க்க வந்த இடத்தில் வேகக் குறைவுக்கான காரணமும் கிடைக்கும்.

டிஸ்க்குகள் வேறு அடைவில் இருந்தால்

இயல்பான இடம் /வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ். பலரும் தனி டிஸ்க்கை /விஎம்டேட்டா போன்ற இடத்தில் மவுன்ட் செய்து அங்கே வைப்பார்கள். விஎம் வரையறையில் சொல்லப்பட்ட டிஸ்க் கோப்பை லிப்விர்ட் தானே லேபிள் செய்துவிடும், ஆனால் அடைவைத் தொடாது. புதிதாக உருவாகும் கோப்புகள் அடைவின் வகையைத்தான் வாங்கிக்கொள்கின்றன. அதனால் அடைவுக்கு நிலையான விதி வேண்டும்.

முதலில் டிஸ்க்கை மவுன்ட் செய்யுங்கள், லேபிள் பிறகு. வரிசை மாறினால் மவுன்ட் புள்ளியாக இருக்கும் வெற்று அடைவுக்குத்தான் லேபிள் போகும். புதிதாக ஃபார்மேட் செய்த கோப்பு முறைமையின் வேர் அன்லேபிள்டு_டி என்றே இருக்கும். பிறகு:

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -இ /வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ் /விஎம்டேட்டா
ரெஸ்டோர்கான் -ஆர்வி /விஎம்டேட்டா

முதல் கட்டளை 'இந்த அடைவை அந்த அடைவைப் போலவே நடத்து' என்கிறது. இரண்டாவது அந்த விதிப்படி கோப்புகளுக்கு லேபிள் ஒட்டுகிறது. பழைய பாதை முதலில், புதிய பாதை பிறகு. புதிய பாதையின் கடைசியில் சாய்கோடு இருக்கக் கூடாது, இருந்தால் ஏற்காது. செமேனேஜ் இல்லை என்று வந்தால் பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைதான்-யூட்டில்ஸ் பேக்கேஜை நிறுவுங்கள். சீகான் கொடுத்தும் லேபிளை மாற்றலாம்தான், ஆனால் அது பாலிசியில் பதிவாகாது. அடுத்த முழு ரீலேபிளில் போய்விடும்.

சரியாக இருக்கிறதா என்று 'மேட்ச்பாத்கான் -வி' (பெரிய வி) கொடுத்து ஒரு கோப்பைச் சோதிக்கலாம். ஓடும் விஎம்மின் டிஸ்க்கில் இந்தச் சோதனை பொருந்தவில்லை என்றே சொல்லும். அது சரிதான், அப்போது அதில் லிப்விர்ட் ஒட்டிய லேபிள் இருக்கிறது. அதைத் திருத்தப் போகாதீர்கள். குறிப்பாக ரெஸ்டோர்கானில் பெரிய எஃப் கொடுக்காதீர்கள். சாதாரண ரெஸ்டோர்கான் எஸ்விர்ட்_இமேஜ்_டி கோப்பைத் தாண்டிப் போய்விடும். பெரிய எஃப் கொடுத்தால் கட்டாயப்படுத்தி மாற்றும். எஸ்இலினக்ஸ் ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பையும் லேபிள் மாறினால் மறுபடி சோதிக்கிறது. விளைவு, ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்ட்டுக்குள் டிஸ்க் பிழைகள் வரும்.

இன்னொரு பழக்கமான தவறு: எம்வி (நகர்த்தும் கட்டளை) பழைய லேபிளைக் கூடவே எடுத்துவரும், சிபி (நகலெடுக்கும் கட்டளை) போய்ச் சேரும் அடைவின் வகையைப் பெறும். ரூட்டின் வீட்டு அடைவில் இறக்கிய ஐஎஸ்ஓவை எம்வி கொண்டு நகர்த்தினால் அட்மின்_ஹோம்_டி லேபிளுடன் வந்து உட்காரும். நகர்த்திய உடனே ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள்.

பேஸ் இமேஜும் அடுக்கடுக்கான கியூகவ்2வும்

கியூகவ்2 என்பது ஒரு கோப்பின் மேல் இன்னொன்றை அடுக்க உதவும் டிஸ்க் இமேஜ் ஃபார்மேட். ஒரே பேஸ் இமேஜின் மேல் பல விஎம்கள் ஓடும் அமைப்பில் லிப்விர்ட் முழுச் சங்கிலியையும் பார்த்து, மேலடுக்குக்கு எழுதும் லேபிளும் கீழடுக்குகளுக்கு விர்ட்_கன்டென்ட்_டி லேபிளும் கொடுக்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை: மேலடுக்குக் கோப்பில் கீழடுக்கின் ஃபார்மேட் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால் லிப்விர்ட் தானாக ஊகிக்காது. அந்தப் பிடிவாதம் நியாயமானது. ரா (தலைப்பே இல்லாத வெறும் தரவு) ஃபார்மேட் டிஸ்க்கின் தொடக்கத்தில் கெஸ்ட்டே ஒரு கியூகவ்2 தலைப்பை எழுதி, அதில் ஹோஸ்ட்டின் ஏதோ ஒரு கோப்பைக் கீழடுக்கு என்று குறிப்பிட்டால், ஊகிக்கும் லிப்விர்ட் அந்தக் கோப்பையே கெஸ்ட்டுக்குத் திறந்து கொடுத்துவிடும்.

பழைய லிப்விர்ட்டில் இப்படிப்பட்ட இமேஜ் காரணம் புரியாத 'பெர்மிஷன் டினைட்' கொடுக்கும். கீழே இன்னும் ஓர் அடுக்கு இருப்பது தெரியாமல் அதற்கு லேபிளே போயிருக்காது. 6.0 பதிப்பிலிருந்து ஃபார்மேட் குறிப்பிடவில்லை என்று நேராகவே பிழை சொல்கிறது. உருவாக்கும்போதே சரியாகச் செய்ய:

கியூஎமு-இமேஜ் கட்டளையில் 'கிரியேட்' கொடுத்து, சிறிய எஃப்புக்கு மேலடுக்கின் ஃபார்மேட், சிறிய பிக்குக் கீழடுக்குக் கோப்பு, பெரிய எஃப்புக்குக் கீழடுக்கின் ஃபார்மேட் என மூன்றையும் தாருங்கள். ஏற்கெனவே உள்ள இமேஜைத் திருத்த, விஎம்மை அணைத்துவிட்டு 'ரீபேஸ் -யூ' (சிறிய யூ) கொடுத்து அதே மூன்றையும் எழுதுங்கள். இந்த யூ தரவைத் தொடாது, தலைப்பில் உள்ள குறிப்பை மட்டும் மாற்றும். அதனால் பாதையைத் தவறாகக் கொடுத்தாலும் எச்சரிக்காது. எழுதிய பிறகு 'இன்ஃபோ' கொடுத்துச் சங்கிலி முழுவதையும் ஒருமுறை பாருங்கள்.

பகிர்வு டிஸ்க், என்எஃப்எஸ், லிப்விர்ட்டுக்குத் தெரியாத கோப்புகள்

இரண்டு விஎம்கள் ஒரே டிஸ்க்கில் எழுத வேண்டியிருந்தால் இரண்டின் வரையறையிலும் அந்த டிஸ்க்குக்கு ஷேரபிள் குறி போடுங்கள். அப்போது லிப்விர்ட் கேட்டகரி இல்லாத லேபிள் கொடுக்கும். அந்த டிஸ்க் எல்லா கெஸ்ட்டுக்கும் திறந்தது என்பதை ஏற்றுக்கொண்டே செய்ய வேண்டும். குறி போடாமல் இரண்டாவது விஎம்மைத் தொடங்கினால், பழைய பதிப்புகளில் இரண்டாவதன் லேபிள் ஒட்டப்பட்டு முதல் விஎம் டிஸ்க்கை இழந்துவிடும். புதிய பதிப்புகள் முந்தைய லேபிளைக் கோப்பின் நீட்டிப்புப் பண்புகளில் நினைவு வைப்பதால், வேறு லேபிளுடன் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி இரண்டாவதை மறுத்துவிடும்.

நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வேறு கதை. சாதாரண மவுன்ட்டில் எல்லாக் கோப்பும் என்எஃப்எஸ்_டி என்ற ஒரே வகையாகத் தெரியும். தனித்தனி லேபிள் ஒட்ட முடியாது. அனுமதிக்க:

செட்செபூல் -பி விர்ட்_யூஸ்_என்எஃப்எஸ் ஆன்

பெரிய பி போட்டால்தான் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்கும். ஆனால் இந்த பூலியனை (பாலிசியில் ஆன்/ஆஃப் செய்யும் விசையை) திறந்ததும் அந்த மவுன்ட்டில் உள்ள டிஸ்க்குகளுக்கு இடையே எஸ்இலினக்ஸ் சுவர் கிடையாது. வெவ்வேறு நபர்களின் விஎம்களை ஒரே ஹோஸ்ட்டில் வைத்திருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கையே கொடுக்கும் முறை) மூலம் பிளாக் டிவைஸாகக் கொடுத்தால் ஒவ்வொரு டிவைஸுக்கும் தனி லேபிள் கிடைக்கும். என்எஃப்எஸ் 4.2இல் சர்வர் பக்கம் எக்ஸ்போர்ட்டில் செக்யூரிட்டி_லேபிள் சேர்த்து, கிளையன்ட்டை 4.2 பதிப்பில் மவுன்ட் செய்தாலும் உண்மையான லேபிள்கள் வரும். சாம்பா, ஃப்யூஸ் ஆகியவற்றுக்கும் இதே மாதிரி தனி பூலியன்கள் உண்டு. 'கெட்செபூல் -ஏ' கொடுத்து விர்ட் என்று தேடிப் பாருங்கள். தேவையில்லாமல் திறந்து கிடப்பதை மூடுங்கள்.

கோப்புக்குப் பதில் எல்விஎம் வால்யூம்களை (டிஸ்க்கிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளை) பயன்படுத்துவோர் ஹோஸ்ட்டில் எல்எஸ் கொடுத்துப் பார்த்தால் ஃபிக்ஸ்டு_டிஸ்க்_டிவைஸ்_டி என்றே தெரியலாம். பயப்பட வேண்டாம். இப்போதைய லிப்விர்ட் ஒவ்வொரு விஎம்முக்கும் தனி மவுன்ட் நேம்ஸ்பேஸில் (அந்த விஎம்முக்கு மட்டும் தெரியும் கோப்பு அமைப்பில்) தனி /டெவ் அமைத்து அங்கேதான் லேபிள் ஒட்டுகிறது.

வரையறையின் கியூஎமு கமாண்ட்லைன் பகுதியில் நேரடியாக எழுதிய கோப்புப் பாதைகள் லிப்விர்ட்டின் கண்ணில் படாது. லேபிள் போகாது, மறுப்பு வரும். அதே வசதி லிப்விர்ட்டின் வழக்கமான எலிமென்ட்டாக இருக்கிறதா என்று முதலில் தேடி, இருந்தால் அதற்கு மாற்றுங்கள். படிக்க மட்டும் வேண்டிய கோப்பு என்றால் விர்ட்_கன்டென்ட்_டி விதி எழுதலாம்.

கியூஎமு.கான்ஃப்பில் இறுக்க வேண்டியவை

செக்யூரிட்டி_டிரைவர் மதிப்பை வெளிப்படையாக "எஸ்இலினக்ஸ்" என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் லிப்விர்ட் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். எஸ்இலினக்ஸ் இல்லாவிட்டாலும் விஎம்கள் சத்தமில்லாமல் ஓடும்.

செக்யூரிட்டி_டீஃபால்ட்_கன்ஃபைன்டு இயல்பாகவே 1. செக்யூரிட்டி_ரிக்வயர்_கன்ஃபைன்டு இயல்பாக 0, இதை 1 ஆக்குங்கள். பிறகு யாராவது ஒரு விஎம்மின் வரையறையில் செக்லேபிள் வகையை 'நன்' என்று எழுதினால் அந்த விஎம் தொடங்கவே தொடங்காது. பலர் நிர்வகிக்கும் சர்வரில் இந்த ஒரு வரியின் மதிப்பு பெரிது.

மாற்றிய பிறகு விர்ட்கியூஎமுடி (பழைய அமைப்பில் லிப்விர்ட்டி) சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும் விஎம்கள் நிற்காது. அதே சமயம் அவற்றின் லேபிளும் மாறாது. புதிய அமைப்பு அடுத்த முறை தொடங்கும் விஎம்முக்கே பொருந்தும். கெஸ்ட்டுக்குள் ரீபூட் கொடுத்தால் போதாது, ஹோஸ்ட்டிலிருந்து முழுவதும் அணைத்துத் தொடங்க வேண்டும்.

ஸ்டாட்டிக் லேபிள், அதாவது விஎம் வரையறையில் நீங்களே எழுதும் நிலையான லேபிள், அபூர்வமாகவே தேவைப்படும். பயன்படுத்தினால் கேட்டகரி இணை தனித்துவமாக இருப்பது உங்கள் பொறுப்பு. ரீலேபிள் 'நோ' என்றால் டிஸ்க்குகளையும் நீங்களேதான் லேபிள் செய்ய வேண்டும்.

மறுப்பு வந்தால் படிக்கும் முறை

செட்என்ஃபோர்ஸ் 0 கொடுக்காதீர்கள். அது ஹோஸ்ட் முழுவதையும் திறந்துவிடும். சோதனைக்காக விட்டே ஆக வேண்டும் என்றால் 'செமேனேஜ் பெர்மிசிவ் -ஏ எஸ்விர்ட்_டி' போதும்; அந்த டொமைன் மட்டும் தளரும். அப்போதும் எல்லா விஎம்மும் தளர்ந்திருக்கின்றன என்பதை மறக்காமல், முடிந்ததும் -டி கொடுத்து நீக்குங்கள்.

லாகைப் பார்க்க:

ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்

வரும் வரியில் மூன்று இடங்களைப் பாருங்கள். சுருள் அடைப்புக்குள் மறுக்கப்பட்ட செயல், எஸ்கான்டெக்ஸ்ட்டில் கேட்டவரின் லேபிள், டிகான்டெக்ஸ்ட்டில் கேட்கப்பட்ட பொருளின் லேபிள். விடை பெரும்பாலும் டிகான்டெக்ஸ்ட்டில்தான் இருக்கும். டீஃபால்ட்_டி, அன்லேபிள்டு_டி, யூசர்_ஹோம்_டி என்று வந்தால் அந்தப் பாதைக்கு விதி இல்லை அல்லது கோப்பு லிப்விர்ட்டுக்குத் தெரியாதது. என்எஃப்எஸ்_டி என்றால் பூலியன். எஸ்விர்ட்_இமேஜ்_டி வகை சரியாக இருந்து கேட்டகரி மட்டும் வேறுபட்டால், ஒரு விஎம் இன்னொன்றின் டிஸ்க்கைத் தொட முயன்றிருக்கிறது. இரண்டு விஎம்களின் வரையறையில் ஒரே கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை உண்மையான தாக்குதல் முயற்சியாகவே எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். எந்த விஎம்முக்கு எந்த லேபிள் போயிருந்தது என்பதை ஆடிட் லாகில் விர்ட்_மெஷின்_ஐடி பதிவுகள் சொல்லும்.

ஆடிட்2அலவ் கட்டளையைச் சிறிய டபிள்யூவுடன் ஓட்டினால் காரணத்தை மட்டும் விளக்கும். கேட்டகரி மோதலில் கன்ஸ்ட்ரெயின்ட் மீறல் என்று வரும். அங்கே எத்தனை அலவ் விதி எழுதினாலும் திறக்காது. பெரிய எம் கொடுத்து மாட்யூல் (பாலிசியில் சேரும் கூடுதல் விதிகள்) உருவாக்குவதாக இருந்தால், நிறுவும் முன் அது எழுதிய டிஇ கோப்பை, அதாவது விதிகளின் மூலக் கோப்பை, திறந்து படியுங்கள். எஸ்விர்ட்_டிக்கு யூசர்_ஹோம்_டியைப் படிக்க அனுமதி என்று இருந்தால், அதன் பொருள் எல்லா கெஸ்ட்டும் எல்லோருடைய வீட்டு அடைவையும் படிக்கலாம் என்பது. அந்த மாட்யூலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோப்பின் லேபிளைச் சரிசெய்யுங்கள்.

ஏவிசி (லாகில் எஸ்இலினக்ஸ் மறுப்புப் பதிவு) எதுவுமே இல்லாமல் 'பெர்மிஷன் டினைட்' வந்தால் எஸ்இலினக்ஸ் மேல் பழி போடும் முன் சாதாரண அனுமதியைப் பாருங்கள். 'நேம்ஐ -எல்' கொடுத்து முழுப் பாதையையும் விரியுங்கள். /ரூட் அல்லது யாராவது ஒருவரின் வீட்டு அடைவுக்குள் இமேஜ் இருந்தால், இடையில் உள்ள ஏதோ ஓர் அடைவில் கியூஎமு யூசருக்கு எக்ஸ் (அடைவுக்குள் நுழையும்) அனுமதி இருக்காது. அதுவும் சரியாக இருந்தால், பாலிசி சில மறுப்புகளைப் பதிவு செய்யாமல் மறைத்திருக்கலாம். 'செமாட்யூல் -டிபி' (இரண்டும் பெரிய எழுத்து) மறைப்பை நீக்கும். மறுபடி முயன்று லாகைப் பார்த்துவிட்டு, பெரிய பி மட்டும் கொடுத்துப் பழையபடி ஆக்குங்கள். இல்லையென்றால் லாக் நிரம்பி வழியும்.

உபுண்டு, டெபியனில்

அங்கே அதே வேலையை ஆப்ஆர்மர் செய்கிறது. லேபிளுக்குப் பதில் பாதைதான் கணக்கு. விஎம் தொடங்கும்போது விர்ட்-ஏஏ-ஹெல்பர் என்ற நிரல் அந்த விஎம்மின் யூயூஐடி (தனித்துவ அடையாள எண்) பெயரில் /எட்சி/ஆப்ஆர்மர்.டி/லிப்விர்ட் அடைவில் ஒரு ப்ரொஃபைல் எழுதி, அதற்குரிய டிஸ்க் பாதைகளை மட்டும் சேர்க்கிறது. 'ஏஏ-ஸ்டேட்டஸ்' கொடுத்தால் ஒவ்வொரு விஎம்மும் என்ஃபோர்ஸ் பட்டியலில் தெரிய வேண்டும். மறுப்பு கெர்னல் லாகில் ஆப்ஆர்மர் 'டினைட்' என்று வரும், பாதையும் அதிலேயே இருக்கும். தானாக எழுதப்படும் ப்ரொஃபைலைத் திருத்திப் பயனில்லை, அடுத்த முறை மேலெழுதப்படும். எல்லா விஎம்முக்கும் பொதுவான அனுமதியை அப்ஸ்ட்ராக்‌ஷன்ஸ் அடைவின் லிப்விர்ட்-கியூஎமு கோப்பிலோ, புதிய பதிப்புகளில் அதன் லோக்கல் துணைக்கோப்பிலோ சேர்க்கலாம். அங்கே எழுதும் ஒவ்வொரு பாதையும் எல்லா கெஸ்ட்டுக்கும் திறக்கும் என்பதால், நட்சத்திரக் குறி போட்டு முழு அடைவையும் சேர்க்காமல் தேவையான ஒற்றைக் கோப்பையே எழுதுங்கள்.